எங்கள் மேனேஜரின் குதிரை

மூணாறு பக்கம் சூரியநெல்லியில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில், வரவேற்பறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அறை இருக்கிறது. அதற்கு லவுஞ்ச் என்று பெயர். நான் சேர்ந்த புதிதில் அதில் ஒரு கேரம் போர்டும், கெஸ்ட்டுகள் மறந்துவிட்டுப் போன குடைகளும்தான் இருந்தன. மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்து, எதுவுமே தெரியாத பனிமூட்டத்தைக் கண்ணாடி வழியாக போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. புதிய மேனேஜர் வந்த பிறகுதான் அந்த அறைக்கு மனிதர்களின் மூளையை வளர்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

மேனேஜர் மூணாறு போகும் வழியில் உள்ள பள்ளிவாசல் என்ற ஊர்க்காரர். என்னைப் போலவே எஸ்டேட் லயத்தில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்தான். வெளியே போய் கேட்டரிங் படித்து, இரண்டு மூன்று பெரிய ஓட்டல்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது லயம் என்ற சொல்லே அவருக்கு மறந்துபோயிருந்தது. 'ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்' என்பார். சாயாவை 'பிவரேஜ்' என்பார். அதெல்லாம் அவரவர் வயிற்றுப்பிழைப்பு என்று விட்டுவிடலாம். செஸ்ஸை மட்டும் விட முடியவில்லை.

வந்த மாதமே முதலாளியிடம் பேசி, ஆபீஸில் கழித்துப் போட்டிருந்த கம்ப்யூட்டரை லவுஞ்சில் வைக்கச் செய்தார். அதில் ஒரு செஸ் புரோகிராமை ஏற்றினார். இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒன்றுதான். ஆனால் வாசலில் 'மனிதனா, இயந்திரமா?' என்று பெரிய எழுத்தில் பேனர் தொங்கியது. எங்கள் கெஸ்ட்டுகள் கொளுக்குமலையில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வருகிறவர்கள். இயந்திரத்தோடு சண்டை போட ஒருவரும் இதுவரை ஜீப் ஏறி வந்ததில்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு 'விஷன்' இல்லை என்று ஒரு மணி நேரம் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்து எங்களுக்கு வகுப்பு தொடங்கியது. கெஸ்ட் கேட்டால் எந்த ஊழியரும் உதவ வேண்டுமாம். காலைச் சாப்பாடு முடிந்து கெஸ்ட்டுகள் வெளியே கிளம்பியதும் நாங்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்போம். மேனேஜர் மவுஸை எடுத்து உயர்த்திக் காட்டுவார்.

"இது மவுஸ். இதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கை சும்மா மேல உக்காரணும். ஆள்காட்டி விரல் லெஃப்ட் பட்டன்ல. காயைக் கிளிக் பண்ணுங்க. விடாம இழுங்க. கட்டத்துக்கு வந்தபிறகு விடுங்க. டிராக் அண்ட் டிராப். அவ்வளவுதான் செஸ்."

அவ்வளவுதான் செஸ் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இழுக்க வராதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. காயை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, போக வேண்டிய கட்டத்தில் மறுபடி கிளிக் செய்தால் போதும், காய் தானாகப் போய் உட்காரும். வலது பட்டனைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும். அதில் பலகையைத் திருப்பிப் போடலாம். கருப்புக் காயை வைத்துக்கொண்டு ஆடலாம். போட்ட நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தால் கம்ப்யூட்டரிடமே யோசனை கேட்கலாம். ஓரத்தில் ஒரு கோடு இருந்தது. அதன்மேல் உள்ள குமிழை மவுஸால் பிடித்து இடப்பக்கம் தள்ளினால் கம்ப்யூட்டர் மக்காகும், வலப்பக்கம் தள்ளினால் கெட்டிக்காரனாகும். மேனேஜர் ஆடும்போது அந்தக் குமிழ் இடப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்.

எந்தக் காயைத் தொட்டாலும், அது போகக்கூடிய கட்டங்களில் எல்லாம் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகளில் ஏதாவது ஒன்றின்மேல் விட்டால் போதும். புள்ளி இல்லாத இடத்தில் விட்டால் காய் கோபித்துக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். மேனேஜர் காயைக் கிளிக் செய்துவிட்டு, நாடியில் கைவைத்து, புள்ளிகளை வெகுநேரம் பார்ப்பார். யோசிக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். எனக்கும் பெரிய ஆட்டம் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் காய்கள் எப்படி நகரும் என்று கற்றுக்கொண்டதோடு சரி. அதனால் அவருடைய மௌனத்தில் ஏதோ ஆழம் இருக்கும் என்று நானும் ஏமாந்தேன்.

எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு மவுஸ் வசப்படவில்லை. தேயிலைக் காட்டில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, முழங்கால் வலி வந்தபிறகு எங்களிடம் படுக்கை விரிக்க வந்தவர். அவர் கையில் மவுஸ் சிக்கினால் இரண்டு பட்டனும் ஒன்றாக அமுங்கும். திரையில் பட்டியல் விரியும், பலகை தலைகீழாகும், ஒருநாள் புரோகிராமே மூடிக்கொண்டது.

"எனக்கு இது எதுக்கு சார்? நான் பெட்சீட்டு விரிக்க வந்தவ. எந்தக் கெஸ்ட்டு வந்து எங்கிட்ட சதுரங்கம் கேக்கப்போறாக?" என்றார் அக்கா.

"அக்கா, இதுக்கு வேண்டியது தேயிலை கிள்ளுற கை இல்ல, மவுஸ் பிடிக்கிற கை. ஃபர்ஸ்ட் அந்த லயத்துப் புத்தியை விடுங்க. அப்பத்தான் எதுவும் ஏறும்" என்றார் மேனேஜர்.

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். சமையல்காரர்களும் கூடச் சிரித்தார்கள், சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அக்கா மவுஸை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த மனுஷனுடைய அம்மாவும் கூடை சுமந்து தேயிலை கிள்ளித்தான் அவரைப் படிக்கவைத்தவர். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவரைப் பார்த்தாலே எனக்குக் கசப்புதான். இந்த மாதிரி ஆளைப் புரிந்துகொள்ள வேண்டும், அவருக்கும் ஏதோ காயம் இருக்கும் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெரிய மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு மத்தியானம், கிழக்குப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி லவுஞ்சுக்கு வந்தார்கள். தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். பருத்திச் சேலைமேல் கணவருடைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். வெளியே ரோட்டில் மண் சரிந்து ஜீப் எதுவும் போகவில்லை என்பதால் மற்ற கெஸ்ட்டுகளும் அங்கேதான் அடைந்து கிடந்தார்கள். மேனேஜருக்கு இப்படி ஒரு கூட்டம் அதுவரை கிடைத்ததில்லை. கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, குமிழை வழக்கம்போல ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, இயந்திரத்தைத் தோற்கடித்துக் காட்டினார். நடுவில் எத்தனையோ தடவை போட்டதைத் திரும்ப எடுத்தார். 'செக்மேட்' என்று திரையில் வந்ததும் நாற்காலியைச் சுழற்றிக் கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"ஏனுங் தம்பி, இதுல ரெண்டு பேரு ஆடலாமுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். "எங்கூட்டுக்காரரும் நானும் மத்தியானம் சோறு உண்டுபோட்டு ஒரு ஆட்டம் போடுவமுங்க. அவரு இன்னிக்குத் தூக்கத்துல இருக்காரு."

கணவர் தூங்கவில்லை. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு பேர் ஆடும் வசதி எங்கே இருக்கிறது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. நான் குனிந்து பட்டியலில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை எனக்கு நினைவூட்டியவர் மாதிரி தலையாட்டினார். பிறகு அந்த அம்மாவின் கையில் மவுஸைக் கொடுத்து, எங்களுக்கு எடுத்த பாடம் முழுவதையும் முதலிலிருந்து எடுத்தார். உள்ளங்கை, ஆள்காட்டி விரல், இழு, விடு.

"எனக்கு இதப் புடிச்சுப் பழக்கமில்லீங்க. போனுன்னா வெரல்ல தொட்டாப் போயிருமுங்க" என்றார் அந்த அம்மா.

"டெக்னாலஜி மேடம். கொஞ்சம் டைம் எடுக்கும். எல்லாருக்கும் வராது."

மேனேஜரே எதிராளியாக ஆடினார். அந்த அம்மா ஒவ்வொரு காயையும் தண்ணீர்க்குடம் தூக்குவது போல நகர்த்தினார். ஒரு இடத்தில் ராணியை இழுத்துக்கொண்டு போகும்போது விரல் தளர்ந்து ஒரு கட்டம் முன்பே விழுந்துவிட்டது. பக்கத்திலேயே மேனேஜருடைய சிப்பாய்.

"ஐயோ, கை நழுவிருச்சுங்க தம்பி. அடுத்த கட்டத்துல வெக்கலாமுன்னு இருந்தனுங்க."

"சாரி மேடம். விட்டா விட்டதுதான். ரூல்ஸ்னா ரூல்ஸ்" என்று சொல்லிக்கொண்டே ராணியை வெட்டினார் மேனேஜர்.

சற்று முன்னால்தான், போட்டதை எல்லாம் திரும்ப எடுத்த அதே கை. கதவருகில் டவல் அடுக்கோடு நின்றிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அம்மா மட்டும் "பரவால்லீங்க" என்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான் கரண்ட் போனது. மழைக்காலத்தில் எங்களுக்கு அது புதிதல்ல. ஜெனரேட்டர் சமையலறைக்கும் ரூம்களுக்கும் மட்டும்தான். லவுஞ்சுக்கு லைன் இழுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. திரை கருப்பாகிவிட்டது.

"சே, நல்லா போய்ட்டிருந்த கேம்" என்று மேனேஜர் எழுந்தார். ஜெயித்த முகம்.

பஜ்ஜியை முடித்திருந்த கணவர் அலமாரியைக் காட்டினார். "அங்கொரு பலகை இருக்குதே, அம்மிணி. அதுல ஆடறது?"

கண்ணாடி அலமாரியில் மரத்தால் செய்த செஸ் பலகை ஒன்று அழகுக்காக இருந்தது. காய்கள் மேல் தூசி படிந்திருந்தது. மேனேஜர் "அது டெக்கரேஷன் பீஸ் சார்" என்றார். ஆனால் வேறு வேலை இல்லாத கூட்டம் அதற்குள் ஆர்வமாகிவிட்டது. யாரோ ஒரு கெஸ்ட் "ஆடுங்க சார், எங்களுக்கும் பொழுது போகணும்ல" என்றார். நான் அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். அவ்வளவு சுறுசுறுப்பாக நான் அந்த ரிசார்ட்டில் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

புது ஆட்டம். அந்த அம்மா வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினார். மேனேஜரும் அதையே செய்தார். அந்த அம்மா குதிரையை வெளியே எடுத்தார். மேனேஜரும் எடுத்தார். தினமும் திரையில் பார்த்துப் பழகிய முதல் தாவல், அதனால் சரியாகவே விழுந்தது. இன்னும் சில நகர்த்தல்களுக்குப் பிறகு அந்த அம்மாவின் சிப்பாய் ஒன்று வந்து அந்தக் குதிரையை மிரட்டியது. குதிரையை எடுத்தாக வேண்டும். மேனேஜர் எடுத்தார்.

எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது.

அவர் பலகையைப் பார்த்தார். பலகையும் அவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தின்மேல் கொண்டுபோனார், பின்வாங்கினார், இன்னொன்றின்மேல் கொண்டுபோனார். அவர் கண்கள் கட்டங்களில் எதையோ தேடின. என்ன தேடுகிறார் என்று எனக்குச் சட்டென்று புரிந்தபோது, சிரிப்பை அடக்க நான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் பச்சைப் புள்ளிக்காகக் காத்திருந்தார். அந்த மனுஷனுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது!

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் போன் காட்டுகிற வழியில் கார் ஓட்டிக்கொண்டு வந்து ஏலக்காட்டுக்குள் மாட்டிக்கொள்கிற கெஸ்ட்டுகளை நான் வருஷம் முழுவதும் பார்க்கிறேன். பத்துமுறை வந்தவருக்கும் போன் அணைந்தால் எங்கள் கேட் எங்கே என்று தெரியாது. இவரும் அப்படித்தான் பல மாதங்களாக ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசியில் குதிரையை நேராக இரண்டு கட்டம் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அந்த அம்மா மிகவும் சங்கடப்பட்டார். "தம்பி, குதிரைங்க அது. அப்படிப் போகாதுங்களே."

"போகும் மேடம்."

"இல்லீங்க, ரெண்டு போயி ஒண்ணு திரும்போணுமுங்க."

"அது பழைய மெத்தட். இப்ப கம்ப்யூட்டர்ல எல்லாம் அப்டேட் ஆகிடுச்சு" என்றார் மேனேஜர். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. "இன்டர்நேஷனல் லெவல்ல இப்படித்தான்."

கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் "அப்படியெல்லாம் இல்ல அங்கிள்" என்று தொடங்கினாள். அந்த அம்மா அவளைக் கையமர்த்தினார். மேனேஜரைப் பார்த்து, ஊர் வயல்வெளியில் வழி தெரியாமல் வந்த விருந்தாளியிடம் பேசுவது போல, "சரிங்க தம்பி. உங்க குதிரை உங்க இஷ்டப்படி போகட்டுமுங்க. என்னுது பழைய மாதிரியே போகட்டும். ஆடுவமுங்களா?" என்றார்.

அதைவிடப் பெரிய அடியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அடித்தவருக்கே அது அடி என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மேனேஜருடைய குதிரை நேராகப் போனது, குறுக்கே போனது, ஒருமுறை வந்த வழியே திரும்பிப் போனது. மந்திரி நடுவிலிருந்த சிப்பாயைத் தாண்டிக் குதித்தது. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுத் தன் காயை நகர்த்தினார். இத்தனை சலுகையோடும் மேனேஜர் சீக்கிரமே ஒடுங்கிப்போனார். ராஜாவுக்கு இடப்பக்கம் யானை, எதிரே ராணி, ஓடுவதற்கு இடமில்லை.

"ராஜாவுக்குப் புது ரூலு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். சத்தியமாகக் கிண்டல் இல்லை. இருந்தால் அதையும் அனுமதிக்கத் தயாராகத்தான் கேட்டார்.

கணவர் சாயாவை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. கதவருகில் டவல்கள் சரிந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்கக் குனிந்த அக்கா நிமிர வெகுநேரம் ஆனது. மேனேஜர் "கிச்சன்ல ஒரு இஷ்யூ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. லவுஞ்ச் காலியாக இருந்தது. நான் விளக்கணைக்கப் போனபோது அவர் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்தார். குதிரையைக் கிளிக் செய்தார், புள்ளிகள் வந்தன. விட்டார். மறுபடி கிளிக் செய்தார். விரலால் திரையில் எண்ணிப் பார்த்தார். ஒரு நிமிடம் எனக்கே மனசு இளகியது. இப்போதாவது கற்றுக்கொள்கிறாரே என்று நினைத்தேன். பின்னால் நான் நிற்பதைக் கவனித்ததும் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"அந்த மரப் பலகையை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுங்க. கெஸ்ட்டுக்குத் தேவையில்லாத கன்ஃப்யூஷன். அப்புறம் பெரிய யூ.பி.எஸ். ஒண்ணு வேணும்னு இன்னிக்கே மெயில் போடுங்க."

மறுநாள் மீட்டிங்கில், பழைய முறையில் ஆடும் கெஸ்ட்டுகளை எப்படிப் பொறுமையாகக் கையாள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கையாண்டதை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாமாம். அக்கா எழுந்தார். "சார், எனக்கு ரூம்ல வேலை கெடக்கு. நான் இனிமே இந்தக் கிளாசுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவரை மேனேஜர் தடுக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக நாங்களும் எழுந்தோம். வகுப்பு அத்தோடு முடிந்தது. வெளியே வந்து, "நெசமாவே போயிட்டீகளே அக்கா" என்றேன். "அந்தம்மா ஆடுனதப் பாத்தபெறகு இவரு முன்னாடி நிக்கக் கூச்சமா இருந்துச்சு புள்ள, அவருக்காக" என்றார்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அந்தத் தம்பதி ஊருக்குப் போய் இணையத்தில் எங்களைப் பற்றி நல்லவிதமாக எழுதினார்கள். சாயா அருமை, படுக்கை சுத்தம், மேனேஜர் கெஸ்ட்டுகளோடு உட்கார்ந்து விளையாடினார். முதலாளி கடைசி வரியை மட்டும் எங்களுக்கு வாசித்துக் காட்டி, இதல்லவா சேவை என்றார். பெரிய யூ.பி.எஸ். வந்தது. இணையத்தில் வந்த அந்தப் பாராட்டைக் காட்டியே மேனேஜர் அடுத்த வருஷம் குமுளியில் இதைவிடப் பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டார். எங்கள் லவுஞ்சில் இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் கெஸ்ட்டுகளின் ஆதார் நகல் அச்சடிக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் என் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் குமுளி போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏலக்காய்க் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். கோட் போட்டிருந்தார். அந்த வெயிலில்.

"இன்னும் அங்கேயேதான் இருக்கீங்களா?" என்றார், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைக் கேட்பது போல.

"ஆமா சார்."

"நான் இங்க ஆக்டிவிட்டீஸ் ஹெட். ஸ்டாஃப் ட்ரெய்னிங் எல்லாம் நம்ம கையிலதான். எல்லா ஊர்லயும் பிரச்சினை ஒண்ணுதான், பாருங்க. பேசிக்ஸ் தெரியாம வந்துடறாங்க." அட்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்களும் கொஞ்சம் அப்டேட் ஆகணும். ஒரே இடத்துல இருந்தா மூளை துருப்பிடிச்சுடும்."

"செரி சார்" என்றேன்.

மூணாறு பஸ் ஹாரன் அடித்தது. உட்கார இடம் கிடைக்கவேண்டுமே என்று நான் ஓடினேன்.